தட்டுவடை செட் தீர்வதற்குள்

அம்மாப்பேட்டையில் தம்பியின் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் சி டிரைவ் இடமில்லாமல் நிரம்பிச் சிவப்பாகிவிட்டது. புது ஹார்டு டிஸ்க் வாங்கலாம் என்றான். இருடா என்று சொல்லி வின்டிர்ஸ்டாட் (WinDirStat) இறக்கினேன். காசில்லாத மென்பொருள். எந்தக் கோப்பு எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ அந்த அளவுக்குக் கலர் கட்டமாக வரைந்து காட்டும். அது ஸ்கேன் செய்து முடிப்பதற்குள் ஒரு தட்டுவடை செட் தீர்ந்தது. (சட்னிக் கையோடு மவுசைத் தொடாதே என்று திட்டு வேறு.)

பார்த்தால், பூசணிக்காய் மாதிரி நாலு கட்டம். ஏற்காடு டூர் வீடியோ, ஒரே கோப்பு, நாலு காப்பி, ஒவ்வொன்றும் 11 ஜிபி! மூன்றை அழித்தோம், 33 ஜிபி காலி.

பெயர் புரியாத விண்டோஸ் கோப்புகளில் மட்டும் கை வைக்காதீர்கள். அப்புறம், மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். நான் முதலில் அமுக்கிய பச்சை 'டவுன்லோடு' பட்டன் வெறும் விளம்பரம்.