வேலூர் மாடித் தோட்டக்காரர்களுக்கு மாசியிலேயே வகுப்பு வேண்டும்

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது மழையை நம்பி விதைக்கும் உழவருக்காகச் சொன்னது. மொட்டை மாடியில் பத்துப் பதினைந்து பைகளில் காய்கறி வளர்ப்பவருக்கும், வீட்டின் பின்புறம் கிணற்றடியில் கொஞ்சம் மண் வைத்திருப்பவருக்கும் அதைவிட முக்கியமான பட்டம் மாசிப்பட்டம் என்பதே என் உறுதியான கருத்து. நாட்காட்டி சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்கிறது. ஆனால் வேலூரில் சித்திரை பிறந்து மூன்று வாரத்தில் அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிடுகிறது. சுற்றியுள்ள பாறை மலைகள் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவிலும் உமிழ்ந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே இங்கு செடிகளுக்குரிய இதமான பருவம் மாசியும் பங்குனியின் முற்பாதியும் மட்டுமே. வீட்டுத் தோட்டம் வைப்பவர்களுக்கான பயிற்சிகள், விதைப் பரிமாற்றக் கூட்டங்கள், நாற்று விற்பனைகள் எல்லாம் அந்த ஆறு வாரங்களுக்குள் நடந்தாக வேண்டும்.

இப்பகுதியில் கற்றுக்கொள்ள இடம் இல்லாமல் இல்லை. விரிஞ்சிபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. தோட்டக்கலைத் துறை, சில ஆண்டுகளுக்கு முன் 900 ரூபாய் மதிப்புள்ள ‘மாடித்தோட்டத் தளை’ என்ற பொருள் தொகுப்பைப் பாதி மானியம் போக 450 ரூபாய்க்கு வழங்கியது. பைகள், தென்னைநார்க் கழிவுக் கட்டி, விதைப் பொட்டலங்கள், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரங்கள், வேர் நோயைத் தடுக்கும் டிரைக்கோடெர்மா விரிடி என்ற பூஞ்சை, வேப்ப எண்ணெய், கையேடு எல்லாம் அதில் இருந்தன. அதை வாங்கிப் பலர் ஆர்வத்துடன் தொடங்கினார்கள். ஆனால் தொடங்கிய தோட்டங்களில் எத்தனையோ அடுத்த கோடையைத் தாண்டவில்லை என்பதை எங்கள் தெருவின் மாடிகளைப் பார்த்தாலே தெரியும். தொடங்கச் சொல்லிக்கொடுத்த அளவுக்கு, வெயிலில் செடியைக் காப்பாற்றச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததே அதற்குக் காரணம். நான் சென்ற ஒரு வகுப்பில் முழு முற்பகலும் கேரட்டும் முட்டைக்கோசும் திரையில் ஓடின. வந்திருந்தவர்களில் பலர் சத்துவாச்சாரியிலும் பாகாயத்திலும் ஓட்டு வீட்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே செடி வளர்ப்பவர்கள். மலைக்காய்கறி அவர்களுக்கு எதற்கு?

மாசி வகுப்பில் முதலில் பேச வேண்டியது எதை விதைப்பது என்பதைவிட எதை விதைக்கக் கூடாது என்பதுதான். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி இரவும் புழுக்கமாகவே இருந்தால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்து பூக்கள் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துவிடும். பங்குனியில் தக்காளி நாற்று நட்டுவிட்டு உரம் போதவில்லை என்று வருந்துபவர்களுக்கு இதை யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும். வெண்டை, கொத்தவரை, பீர்க்கன், புடல், பாகல், சுரை, வெள்ளரி, தண்டுக்கீரை ஆகியவை வெயிலுக்கு அஞ்சாதவை. மாசி முதல் வாரத்தில் வெண்டை விதையை ஓர் இரவு ஊறவைத்து ஊன்றினால் ஏறத்தாழ 45 நாளில், அதாவது பங்குனி நடுவில் காய் பறிக்கத் தொடங்கலாம். கத்திரி வெயில் வரும்போது செடி வேர் பிடித்து வலுவாக நிற்கும். அதே விதையைச் சித்திரையில் ஊன்றினால் முளைத்த இரண்டிலைப் பருவத்திலேயே கடும் வெயிலைத் தாங்க வேண்டியிருக்கும்.

அடுத்து மாடியின் தரை. வேர் வேகிறது என்று எங்கள் ஊர்ப் பெண்கள் சொல்வது அப்படியே உண்மை. காங்கிரீட் தளத்தில் நேரடியாக வைத்த கறுப்புப் பையின் அடி மண்ணைப் பிற்பகல் இரண்டு மணிக்குத் தொட்டுப் பார்த்தால் கை தானாகப் பின்வாங்கும். இரண்டு செங்கல் வைத்துப் பையை உயர்த்தி, கீழே காற்று போக வழிவிட்டு, உயரமான செடிகளை மேற்கே நிறுத்திச் சிறியவற்றை அவற்றின் நிழலில் ஒதுக்கி, மேலே 50 சதவீத நிழல்வலை கட்டினால் பாதிக் கவலை தீரும். மண்ணின் மேல் காய்ந்த வேப்பிலை, வைக்கோல், கரும்புச் சக்கை என்று கிடைத்ததை இரண்டு மூன்று அங்குலம் மூடாக்காகப் போட வேண்டும். இன்னொன்று சிறியது, ஆனால் செடியைக் கொல்லக்கூடியது: மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாயிலும் ரப்பர் ஓஸிலும் தங்கிய நீர் மாலை ஐந்து மணிக்கும் கொதிப்பாகவே வரும். அந்த முதல் தண்ணீரை வாளியில் பிடித்துத் தனியே வைத்துவிட்டு, குளிர்ந்து வந்த பிறகே செடிக்குக் காட்ட வேண்டும்.

தண்ணீர் பற்றி ஒரு தனி அமர்வே தேவை. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணல் வெளியாகக் கிடக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்ட கதை 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றது. அந்தக் கழிவு சேராத பகுதிகளில்கூட ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பாக இருக்கிறது. கோகோ பீட் என்று கடையில் விற்கும் தென்னைநார்க் கழிவிலும் உப்பு உண்டு. அதை இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசிப் பிழிந்த பிறகே செம்மண்ணோடும் தொழு உரத்தோடும் கலக்க வேண்டும். பையின் விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும் படிவத்தைக் கண்டால் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, கிடைக்கும்போது மழைநீரையோ குடிநீரையோ அடியில் வழியும் அளவுக்கு ஒருமுறை விட வேண்டும். பானைப் பாசனம் இந்த ஊருக்கென்றே அமைந்தது போன்ற முறை. பெரிய பையின் நடுவே சிறு மண் கலயத்தைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி மூடிவைத்தால், சுவர் வழியாகக் கசியும் ஈரத்தைத் தேடி வேர் தானே வரும். காட்பாடி அருகே உள்ள கரிகிரியின் மண்பாண்டங்கள் நம் மாவட்டத்தின் பெருமை. எனினும் அவை மெருகு பூசியவை என்பதால் நீர் கசியாது, இதற்குச் சாதாரணக் கலயமே ஏற்றது.

நான் கண்ட வகுப்புகளிலேயே மிகவும் பயன்பட்டது ஒரு பங்குனி மாலையில் காந்தி நகரில் ஒரு வீட்டு மாடியில் நடந்த கை மகரந்தச் சேர்க்கைப் பயிற்சி. பீர்க்கனும் சுரையும் மாலையில் மலர்பவை. பாகலும் பூசணியும் விடியலில் மலர்பவை. பதினொரு மணி வகுப்பில் இவற்றைக் காட்டவே முடியாது, ஏனெனில் அப்போது பூக்கள் மூடிக் கிடக்கும் அல்லது வாடியிருக்கும். அன்று ஐந்தரை மணிக்குப் பந்தலில் மஞ்சள் பூக்கள் விரியத் தொடங்கின. வீட்டுக்கார அக்கா ஒரு பூவின் பின்புறத்தைத் திருப்பிக் காட்டினார். காம்புக்கும் இதழுக்கும் இடையே சுண்டுவிரல் நகம் அளவு வரிவரியான பிஞ்சு இருந்தது. "இது பெண் பூ. பின்னாடி இந்தப் பிஞ்சு இல்லாம வெறும் காம்பா இருந்தா ஆண் பூ, தெரியுதா தம்பி?" என்று முன்னால் நின்ற கல்லூரி மாணவரிடம் கேட்டார். அவர் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிழித்து அகற்றி, உள்ளே இருந்த மகரந்தத் தண்டைப் பெண் பூவின் சூல்முடியில் மெதுவாகத் தடவினார். மஞ்சள் தூள் ஒட்டியது கண்ணுக்கே தெரிந்தது. மூன்றாவது மாடியில் தேனீயோ அந்துப்பூச்சியோ போதுமான அளவு வராத வீடுகளில், பிஞ்சு மஞ்சளித்து உதிர்வதற்கு இந்த மகரந்தச் சேர்க்கை நடக்காததே பெரும்பாலும் காரணம். அதுவரை மருந்து கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அன்று அமைதியாகப் பூவைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

பூச்சிகளைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. கோடையில் மாவுப்பூச்சி, செம்பேன், வெள்ளை ஈ மூன்றையும் கவனித்தால் போதும். ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயும் சிறிது காதி சோப்புக் கரைசலும் சேர்த்து வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்க வேண்டும். பகலில் தெளித்தால் இலை கருகும். வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் தாக்கிய வெண்டைச் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதைத் தவிர வேறு வழி இல்லை.

விதைப் பரிமாற்றத்தை இந்தக் கூட்டங்களின் உயிராகக் கருதுகிறேன். அணைக்கட்டு வட்டாரத்து இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. தண்டு, இலை, காம்பு எங்கும் முள் நிறைந்த அந்தக் கத்திரியைச் சந்தையில் தேடி வாங்கும் நாம், நம் மாடியில் கடையில் வாங்கிய வீரிய ஒட்டு விதையை ஊன்றிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. விதை எடுப்பது கடினமான வேலையும் அன்று. நல்ல கத்திரிச் செடியில் ஒரு பூவை மொட்டாக இருக்கும்போதே மெல்லிய துணிப் பையால் மூடி, பிற வகைகளின் மகரந்தம் படாமல் காத்து, காய் பிடித்ததும் நூல் கட்டி அடையாளம் வைத்து, அது மஞ்சளாகப் பழுக்கும் வரை செடியிலேயே விட வேண்டும். பிறகு பிசைந்து நீரில் கரைத்தால் தரமான விதைகள் அடியில் தங்கும், மிதப்பவற்றைக் கொட்டிவிடலாம். நிழலில் உலர்த்திச் சாம்பல் கலந்து வைத்தால் அடுத்த பட்டம் வரை கெடாது.

எங்கள் பகுதியில் தோட்டம் வைத்திருக்கும் சிலர் சேர்ந்து, மாசி இரண்டாவது ஞாயிறு காலை ஏழு மணிக்கு நாற்றும் மண் கலவையும் பற்றிய வகுப்பையும், பங்குனியில் ஒரு மாலை ஐந்து மணிக்குப் பூச்சேர்க்கையையும் விதைப் பரிமாற்றத்தையும் வைத்துக்கொள்ளலாம் என்று பேசியிருக்கிறோம். அருகில் இருப்பவர்களிடம் நீங்களும் இதேபோல் பேசிப் பாருங்கள். விதை கொண்டுவருபவர்கள் பிளாஸ்டிக் உறையைத் தவிர்த்து, காகிதப் பொட்டலத்தில் காயின் பெயர், ஊர், விதை எடுத்த மாதம், அது நாட்டு விதையா ஒட்டு விதையா என்ற நான்கையும் எழுதி எடுத்து வாருங்கள். உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொண்டுவந்தால், எந்தத் தெருவில் எவ்வளவு உப்பு என்று அங்கேயே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.