துவைத்த தண்ணீரும் பூஞ்சைத் தொட்டியும்: சில மாதக் குறிப்புகள்

ஜனவரி 11

வீட்டுக் கழிவுநீரைப் பூஞ்சை வளர்ந்த மரச்சில்லுகளின் வழியே விட்டுச் சுத்தம் செய்யும் தொட்டிக்கு இடம் முடிவாகிவிட்டது, குளியலறைக்குப் பின்னால், வெயில் படாத சுவரோரம். குளித்த தண்ணீரும் துணி துவைத்த தண்ணீரும் மட்டும்தான் இந்தத் தொட்டிக்கு வரும். கழிப்பறைத் தண்ணீர் செப்டிக் டேங்குக்கே போகட்டும். பூஞ்சை வளர்ந்த மரச்சில்லுகளின் வழியே தண்ணீரை விட்டால் இ.கோலை என்ற குடல் பாக்டீரியா குறைகிறது என்று ஆய்வுகள் சொல்வது உண்மைதான், ஆனால் கிருமி குறைவது வேறு, தண்ணீர் பாதுகாப்பாக இருப்பது வேறு. வெளியே வரும் தண்ணீர் மரத்தடிக்குப் போகும், அதுவும் மண்ணுக்கு அடியில். குடிக்கவோ கீரைப் பாத்தியில் தெளிக்கவோ இல்லை.

சமையலறைத் தொட்டித் தண்ணீரையும் இப்போதைக்குச் சேர்க்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு ஒரு படலமாகப் படிந்து சில்லுகளின் இடுக்கை அடைத்துவிடும்.

ஜனவரி 14

இதைப் பற்றிப் பேசினாலே எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: அழுக்கைப் பாக்டீரியாவே தின்றுவிடுமே, பூஞ்சை எதற்கு? நியாயமான கேள்வி. வியர்வை, தோல் துகள், சோப்பு இதையெல்லாம் பாக்டீரியா நன்றாகவே தின்னும். ஆனால் துவைக்கும் பொடியிலும் ஷாம்பூவிலும் கிருமிநாசினி சோப்பிலும் இருக்கிற வாசனைப் பொருள்கள், டிரைக்ளோசான் மாதிரியான கிருமிக்கொல்லிகள், பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் பிஸ்பீனால், உடம்பிலிருந்து வெளியேறும் மருந்து மிச்சம், இவற்றில் பலவற்றிடம் பாக்டீரியா தடுமாறும். மரத்தை வெளுக்கச் செய்து மக்கவைக்கும் வெண்மக்கல் பூஞ்சைகளின் பலம் அங்கேதான் இருக்கிறது. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளுக்கு ஒரே மாதிரியான, ஒழுங்கான அமைப்பு கிடையாது, அதனால் அதை உடைக்கப் பிறந்த நொதிகளும் இந்தப் பொருளைத்தான் தொடுவேன் என்று அடம்பிடிப்பதில்லை, லிக்னின் சாயல் கொஞ்சம் இருந்தாலே கைவைத்துவிடும். 1985இல் பம்பஸ், ஆஸ்ட் என்ற ஆய்வாளர்களும் அவர்களுடைய சகாக்களும் ஃபனெரோகீட் கிரைசோஸ்போரியம் என்ற வெண்மக்கல் பூஞ்சை டிடிடி பூச்சிக்கொல்லியையும் டையாக்சின் என்ற நச்சையும்கூடச் சிதைக்கிறது என்று காட்டினார்கள். இந்தத் துறையில் இன்றைக்கு நடக்கிற வேலைகளில் பெரும்பகுதி அதன் தொடர்ச்சிதான்.

நான் எடுத்திருப்பது சிப்பிக் காளான். அதுவும் வெண்மக்கல் இனம்தான், வித்து சுலபமாகக் கிடைக்கும், முரட்டுத்தனமாக வளரும்.

ஜனவரி 19

மரச்சில்லுகள் வந்துவிட்டன. விரல் நீளத்துக்குக் குறையாத துண்டுகளாகப் பார்த்து எடுத்தேன். மரத்தூள் மலிவு, பூஞ்சை அதில் வேகமாகவும் பரவும், ஆனால் ஈரம் பட்டதும் அப்பிக்கொண்டு காற்று போக வழியில்லாமல் செய்துவிடும். சில்லுகளை வெந்நீரில், 70 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் ஊறவிட்டேன். கொதிக்கவிட வேண்டியதில்லை, பச்சைப் பூசணத்தை அடக்க இந்தச் சூடு போதும். நன்றாக வடியவிட்டு, ஆறியதும் ஒரு அடுக்கு சில்லு, ஒரு பிடி வித்து என்று மாற்றி மாற்றிப் போட்டு மூடியாயிற்று. அடியில் ஒரு சாண் உயரத்துக்கு ஜல்லி, அதற்குள் துளை போட்ட பிவிசி குழாய், அதன் மறுமுனை வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கிறது.

அந்தக் குழாயைத்தான் இதில் முக்கியமாக நினைக்கிறேன். இந்தப் பூஞ்சை சுரக்கும் லாக்கேஸ் என்ற நொதியில் நான்கு செம்பு அணுக்கள் உண்டு, அது அழுக்கிலிருந்து எலக்ட்ரானைப் பறித்து ஆக்சிஜனிடம் கொடுத்து அதைத் தண்ணீராக மாற்றும். ஆக்சிஜன் இல்லையென்றால் கொடுக்க ஆளில்லை, வேலை நின்றுவிடும். தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கிற பூஞ்சையால் நமக்கு ஒரு பயனும் இல்லை.

பிப்ரவரி 8

மூடியைத் திறந்தால் மழைக்குப் பிறகு காட்டுக்குள் வரும் மணம். சில்லுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. ஒன்றைப் பிய்த்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வெட்டுப்பட்ட முனையில் பஞ்சுபோல அடர்த்தி, பட்டைப் பக்கம் அது மெலிந்து விசிறியாகப் பிரிந்து, கடைசியில் கண்ணுக்கே தட்டுப்படாத ஒற்றை இழைகளாகி அடுத்த சில்லைத் தொடுகிறது. ஓர் இழையின் தடிமன் சில மைக்ரோமீட்டர்தான், மனித முடியில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. இந்த இடத்திலேயே நெடுநேரம் உட்கார்ந்துவிட்டேன்.

பிப்ரவரி 16

முதல் தண்ணீர் விட்டாயிற்று. மேலே ஊற்றியது பூஞ்சைப் பரப்பில் முத்து முத்தாக உருண்டு நேரே தொட்டிச் சுவரோரம் ஓடி அடிக்குப் போய்விட்டது. பூஞ்சை இழைகளின் மேல் ஹைட்ரோஃபோபின் என்ற புரதப் பூச்சு இருக்கிறது, காற்றில் வளரும் இழை நனையாமல் இருக்க அது தேவை. வடிகட்டியாக வைக்கும்போது அதுவே தடை. சுவரோரம் இரண்டு விரல் அகலத்துக்குப் புதுச் சில்லும் மண்ணும் திணித்து, மேலே துளையிட்ட தட்டு ஒன்றை வைத்து, தண்ணீர் ஒரே இடத்தில் விழாமல் பரவலாகச் சொட்டும்படி செய்தேன். இப்போது மெதுவாக இறங்குகிறது.

மார்ச் 2

மூன்று பேர் துணி ஒரே நாளில் துவைத்ததில் தொட்டி நிரம்பி வழிந்தது, மறுநாள் அழுகிய முட்டை நாற்றம். தண்ணீர் தேங்கியதும் காற்று தீர்ந்து, காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா புகுந்துவிட்டது என்று அர்த்தம். மேல் சில்லுகளில் சாம்பல் நிற வழவழப்பு வேறு.

பார்சிலோனா தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தில் ட்ராமெட்டிஸ் வெர்சிகலர் என்ற இன்னொரு வெண்மக்கல் பூஞ்சையை வைத்து மருத்துவமனைக் கழிவுநீரில்கூட இபுப்ரோஃபென் போன்ற மருந்துகளை நீக்கிக் காட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கும் பெரிய தலைவலி பாக்டீரியாவின் போட்டிதான். ஆய்வகத்தில் அமிலத்தன்மையைச் சரிசெய்து, சத்து கொடுத்துச் சமாளிக்கலாம். வீட்டில் அது நடக்காது, ஓய்வு கொடுப்பதுதான் வழி. அதனால் இன்னொரு தொட்டி. ஒரு வாரம் இதற்குத் தண்ணீர், அடுத்த வாரம் அதற்கு. ஓய்வில் இருக்கும் தொட்டியில் வழவழப்பு காய்ந்து உதிர்கிறது, பூஞ்சை திரும்பப் படர்கிறது. என்னைக் கேட்டால், ஒரே தொட்டி வைத்துவிட்டு இது வேலை செய்யவில்லை என்று விடுகிறவர்கள் இரண்டாவது தொட்டி வைத்துப் பார்த்த பிறகு சொல்லட்டும்.

மார்ச் 21

தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. கழிவுநீரை ஐந்து நாள் வைத்து எவ்வளவு ஆக்சிஜனைக் குடிக்கிறது என்று பார்க்கும் முறையை 1912இல் பிரிட்டனின் ராயல் கமிஷன் பரிந்துரைத்தது, இன்றைக்கும் உலகமே அதைத்தான் பயன்படுத்துகிறது. வீட்டில் அதற்குக் கருவி இல்லை, ஆனால் அதே காலத்து மெத்திலீன் நீலம் என்ற சாயத்தை வைத்துச் செய்யும் சோதனை இருக்கிறது. கண்ணாடி பாட்டிலில் விளிம்புவரை தண்ணீர், சில சொட்டு நீலம், காற்றுக்குமிழி இல்லாமல் மூடி, இருட்டில் வைக்க வேண்டும். அழுக்கைத் தின்னும் பாக்டீரியா ஆக்சிஜனைத் தீர்த்ததும் நீலம் வெளுத்துவிடும்.

தொட்டிக்குள் போகும் தண்ணீரில் அடுத்த நாள் காலையிலேயே நிறம் இல்லை. தொட்டியிலிருந்து வந்ததில் ஒரு வாரம் கழித்தும் நீலம் அப்படியே நிற்கிறது. சத்தமாகவே கைதட்டினேன். இதில் மருந்து மிச்சமோ டிரைக்ளோசானோ எவ்வளவு போனது என்று தெரியாது, அதற்கு ஆய்வகம் வேண்டும். பூஞ்சையோடு சேர்ந்து ஜல்லியில் குடியேறிய பாக்டீரியாவுக்கும் இதில் பங்கு உண்டு.

ஏப்ரல் 12

காளான் பூத்திருக்கிறது, பெரிய கொத்து. சாப்பிடலாமா என்று வீட்டில் கேட்டார்கள், கூடவே கூடாது. பூஞ்சையின் செல்சுவரில் இருக்கும் கைட்டின் உலோகங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தண்ணீரில் எது வந்ததோ அது காளானுக்கும் ஏறலாம். வெட்டி உரக்குழியின் பூச்செடிப் பக்கம் போட்டேன்.

சிப்பிக் காளான் நூற்புழுக்கள் என்ற நுண்ணிய புழுக்களை மயக்கி உண்ணும் என்பது 1984இலேயே வெளிவந்த செய்தி. மரத்தில் நைட்ரஜன் மிகக் குறைவு, அதை இப்படித்தான் ஈடுகட்டுகிறது. என் தொட்டியில் நைட்ரஜன் தண்ணீரோடே வருகிறது, இருந்தும் வேட்டையாடுமா என்று பார்க்க ஒரு நுண்ணோக்கி கடன் கேட்டிருக்கிறேன்.

மே 3

சலவைப்பொடியை மாற்றியாயிற்று. பழையதில் சோடியம் அதிகம், தண்ணீர் காரமாகி அதன் pH அளவு 9ஐத் தொட்டது, சிப்பிக் காளானின் நொதிகளுக்கோ கொஞ்சம் அமிலம்தான் பிடிக்கும். சோடியத்தைப் பூஞ்சை சிதைக்காது, உப்பு அப்படியே மரத்தடி மண்ணில் சேர்ந்து மண்ணை இறுக்கிவிடும். போரானையும் பூஞ்சை சிதைக்காது, அதுவும் மண்ணிலேயே சேரும். பிளீச் போட்டுத் துவைக்கிற நாளில் வால்வைத் திருப்பி தண்ணீரைச் சாக்கடைக்கு விட்டுவிடுகிறோம். எதை எந்தத் தொட்டியும் எடுக்காதோ அதை வீட்டுக்குள் வாங்காமல் இருப்பதுதான் வழி.

முதல் தொட்டியில் சில்லுகள் விரலால் அழுத்தினாலே பிளக்கும் அளவுக்கு மென்மையாகி, மட்டமும் ஒரு சாண் இறங்கிவிட்டது. பூஞ்சைக்கு அதுதான் சோறு, தீர்ந்துகொண்டே இருக்கும். அடுத்த ஓய்வு வாரத்தில் மேலே புதுச் சில்லு போட வேண்டும், கீழே இருப்பதிலிருந்தே வித்து ஏறிக்கொள்ளும். துணியின் நூல்துகளைப் பிடிக்கிற பையும் கிழிந்துவிட்டது, அதையும் மாற்ற வேண்டும்.