'கேஷ்' சொல்மரம்: இரண்டாவது முறை

மூன்று வாரமாகப் போட்டுக்கொண்டிருந்த 'கேஷ்' சொல்மரத்தை, அதாவது அந்த ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்று கோடு போட்டுக் காட்டும் படத்தை, நேற்று ராத்திரி கிழித்துவிட்டேன். ஆங்கில 'கட்டமரான்' நம் கட்டுமரத்துக்கும் 'செரூட்' நம் சுருட்டுக்கும் ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்ததால், இதற்கும் தாளின் அடியில் முதலிலேயே 'காசு' என்று எழுதிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அதுதான் தப்பு. இது ஒரு மரம் இல்லை, பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு மரம்.

நாம் பர்ஸில் வைத்திருக்கிற கேஷ், பிரெஞ்சில் பெட்டியைக் குறிக்கும் 'கெஸ்' குடும்பத்துச் சொல், அதற்கு மூலம் லத்தீன் 'காப்ஸா'. பணப்பெட்டியின் பெயரே உள்ளே கிடந்த பணத்துக்கும் ஆகிவிட்டது. கேஷியர் இந்தக் கிளைதான்.

நம் காசிலிருந்து போன கேஷ் தனி. அது சில்லறைச் செப்புக்காசு. கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட மெட்ராஸில் 80 கேஷ் ஒரு பணம் (அப்போது அது ஒரு நாணயத்தின் பெயர்), 42 பணம் ஒரு வராகன் என்ற பொற்காசு. சீனாவின் சதுர ஓட்டைக் காசையும் ஆங்கிலத்தில் இப்படித்தான் சொல்வார்கள்.

என் உயிரை வாங்கியது நடுவில் இருக்கிற போர்ச்சுகீசியப் படிதான். அவர்கள் காசு என்ற சொல்லைக் கேட்டு 'கைஷா' ஆக்கினார்கள். ஆனால் கைஷா என்று அவர்களிடம் ஏற்கெனவே ஒரு சொல் உண்டு, பொருள் பெட்டி, பிறப்பு அதே காப்ஸா! அங்கே கோடு இழுத்தால், பார்க்கிறவர் நம் காசும் பெட்டியிலிருந்து பிறந்ததாகவே நினைப்பார். நான்கு தடவை அழித்து அழித்து படம் போடும் கெட்டி அட்டையே மயிர் பிய்ந்துபோனது. கடைசியில் கைஷாவை இரண்டு கட்டமாகப் பிரித்து, காசிலிருந்து வருவதற்குச் சிவப்பு, காப்ஸாவிலிருந்து வருவதற்குக் கறுப்பு, நடுவில் ஒலி ஒற்றுமைக்கு மட்டும் புள்ளிக்கோடு என்று போட்டதும்தான் தெளிந்தது. இந்தப் புள்ளிக்கோட்டைக் கண்டுபிடித்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கையில் ஒரு சாட்சியும் இருக்கிறது: 1808-ஆம் வருடத்து 20 கேஷ் காசு, பர்மிங்ஹாமின் சோஹோ நாணய ஆலையில் அடித்தது. ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கிய கம்பெனிச் சின்னம், மறுபக்கம் பாரசீகத்தில் இருபது காஸ் (அதாவது கேஷ்) நான்கு ஃபலூஸ் (செப்புக்காசு) என்ற கணக்கு. இதே காசுகளை ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் முழுகியது. அந்தக் கடலடிக் காசு ஒன்று வேண்டும், இரண்டு வியாபாரிகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுத்து 'கறி' என்ற சொல்லுக்கு மரம் போடலாம் என்றிருக்கிறேன். அதற்குள் காசுக்கும் கீழே ஒரு வேர் பாக்கி: 'கர்ஷ' என்ற வடமொழி எடைச்சொல்லோடு இதைச் சேர்ப்பவர்கள் உண்டு. இப்போதைக்குப் பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன்.