தையல் போடாமல் ஆறிய புண்

அம்மாவின் மூக்கு மடிப்பில் இருந்த சிறு கட்டியை அகற்றிய தோல் மருத்துவர், பட்டாணி அளவிலான அந்தக் குழிக்குத் தையல் போடாமல், தானாகவே ஆறட்டும் என்று விட்டபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. கண்ணோரம், மூக்கு மடிப்பு போன்ற குழிவான இடங்களில் புண் இவ்வாறு ஆறினால் தழும்பு அவ்வளவாகத் தெரியாது என்றும், மூக்கு நுனி போன்ற மேடான இடத்தில் அப்படிச் சொல்ல முடியாது என்றும் அவர் விளக்கினார்.

மூன்றாம் நாள் குழியின் அடியில் மஞ்சள் படலம் தெரிந்ததும், சீழ் என்று பதறிவிட்டேன். அது ஃபைப்ரின் என்னும் புரதப் படலமாம். நாற்றமோ, கூடிக்கொண்டே போகும் வலியோ, சுற்றிலும் பரவும் சிவப்போ இருந்தால் உடனே காட்டச் சொன்னார். பிறகு மாதுளை முத்தைப் போலச் சிவந்த புதுத்தசை அடியிலிருந்து எழும்பியது; ஓரத்துத் தோல் நாளுக்கு நாள் உள்நோக்கி நகர்ந்தது.

புண்ணைக் காற்றாடக் காயவிடும் வீட்டுப் பழக்கத்தை மட்டும் கைவிட்டோம். பொருக்குத் தட்டாமல் ஈரமாக வைத்த புண்ணில் மேல்தோல் விரைவாக மூடுவதை, ஜார்ஜ் வின்டர் பன்றிகளிடம் செய்த ஆய்வின் மூலம் 1962இலேயே காட்டியிருக்கிறார். தினமும் மென்மையாகக் கழுவி, வாசலின் தடவி, ஒட்டாத கட்டுத்துணியால் மூடினோம். ஐந்தாம் வாரம் புண் மூடிக்கொண்டது. இளஞ்சிவப்பு மாறாத அந்த இடத்தில், அம்மா வெயிலில் இறங்கும்முன் சன்ஸ்கிரீன் தடவிக்கொள்கிறார்.