கூடையில் இறங்கிய விண்ணப்பம்

இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பலெர்மோ நகரத்தின் பழைய கட்டடங்களில் மேல் மாடிகளில் வாழும் முதியவர்கள் பாண் வாங்கவோ மீன் வாங்கவோ கீழே இறங்கி வருவதில்லை. பல்கனியிலிருந்து கயிற்றில் கட்டிய பிரம்புக் கூடையை இறக்குவார்கள். காசு கூடையில் வரும், சாமான் கூடையில் ஏறிப் போகும். நான் வாரத்தில் இரண்டு நாள் கழுவும் படிக்கட்டு ஒன்றின் நான்காம் மாடியில், எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார் இருக்கிறார். கட்டடத்தில் எல்லாரும் அவரை நோன்னா என்றே அழைப்பார்கள். நாங்கள் அம்மம்மா என்பதை இவர்கள் நோன்னா என்பார்கள். அவருடைய கூடையில் எனக்குச் சில வேளை எலுமிச்சம்பழங்களும் சில வேளை அவர் வீட்டுக் குப்பைப் பையும் வந்து சேருவதுண்டு. சென்ற ஒக்டோபர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், நான் வாசற்படியில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது இறங்கிய கூடைக்குள், பொலித்தீன் உறையில் இட்டு, காற்றில் பறக்காதிருக்க உடுப்புக் காயப்போடும் கிளிப் இரண்டால் கூடை விளிம்போடு பிடிக்கப்பட்ட நான்கு தாள்கள் இருந்தன. அவருடைய பேரனின் படமும், பலெர்மோப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்து 110 க்கு 110 எடுத்த விவரமும் முதல் தாளிலேயே தெரிந்தன.

"உன்னுடைய ஆட்களிடம் கொடு. உங்கள் எல்லாருக்கும் வேலை கிடைக்கிறது. என் பிள்ளைக்கும் ஒன்று பார்த்துத் தரச் சொல்லு" என்று அவர் தெரு முழுவதற்கும் கேட்கக் கத்தினார்.

சிரிப்பு வந்தது என்பது உண்மை. தும்புத்தடியும் வாளியுமாக நிற்கும் ஒருவனிடம் ஒரு பொறியியலாளனுக்குச் சிபாரிசு கேட்பதை எங்கள் ஊரில் சொன்னால் நாடகம் என்பார்கள். ஆனால் அடுத்த கட்டடத்தின் மூன்றாம் மாடியைக் கழுவி முடிப்பதற்குள் அந்தச் சிரிப்பு நெஞ்சில் முள்ளாகத் திரும்பியிருந்தது. அவர் என்னைக் கேலி செய்யவில்லை. மனதார நம்பிக் கேட்டார். தைத்தது அதுதான்.

இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து என்னிடம் மற்றவர்கள் கேட்ட கேள்வி வேறொன்று. தலைமயிர் வெட்டுபவரும், பேருந்துத் தரிப்பிடத்தில் பக்கத்தில் நிற்பவரும், எங்கள் வீட்டுக்காரரும், பகைமை எதுவும் இல்லாமல், ஒரு வியப்போடு மட்டும், "எங்கள் பிள்ளைகளே வேலை இல்லாமல் ஜேர்மனிக்குப் போகிறார்கள், நீ ஏன் இங்கே வேலை தேடி வந்தாய்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நான் வந்திறங்கிய 2018 இல் இத்தாலி முழுவதற்குமான வேலையின்மை 10 வீதத்துக்குச் சற்று மேலே நின்றது. சிசிலியில் அது 20 வீதத்தைக் கடந்திருந்தது. இருபத்தைந்து வயதுக்குட்பட்டு வேலை தேடியவர்களிலோ பாதிப்பேருக்கு மேல் வெறுங்கையோடு இருந்தார்கள். நான் விட்டு வந்த இலங்கையில் அதே ஆண்டில் அரசாங்கக் கணக்குப்படி வேலையின்மை 5 வீதத்தைக்கூட எட்டவில்லை. வேலையுள்ள நாட்டிலிருந்து வேலையில்லாத தீவுக்கு வேலை தேடி வந்த அறிவாளி என்று எண்கள் என்னைப் பற்றிச் சொல்லும். அந்த அரசாங்கக் கணக்கின்படி, கிழமையில் ஒரு மணித்தியாலமேனும் சம்பளத்துக்கோ வருமானத்துக்கோ உழைத்தவர் வேலையுள்ளவர். சனிக்கிழமைகளில் எங்கள் ஊரான திருகோணமலையின் உப்புவெளியில் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு மணித்தியாலம் ரியூசன் சொல்லிக்கொடுத்த நான், தேவைக்கு இரு மடங்கு வேலையுள்ளவனாக இருந்திருக்கிறேன். அம்மாவுக்கு அது தெரியாமல் போயிற்று. தெரிந்திருந்தால் பத்திரகாளி அம்மனுக்கு வைத்த நேர்த்திகளில் பாதியை மிச்சம் பிடித்திருப்பார்.

நான் இங்கே வந்தது மாப்பிள்ளையாக. மனைவி சிறுமியாக இருந்தபோதே பெற்றோரோடு பலெர்மோவுக்கு வந்தவர். 1983 இனக்கலவரத்தின் பின்னர் ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்த எங்கள் ஆட்களில் மாமாவும் ஒருவர். குடும்ப இணைவு விசாவுக்கு வருமானச் சான்றும் வீட்டின் அளவுச் சான்றும் கொடுத்து என்னை எடுத்தார்கள். சீதனம் வேண்டாம் என்று நான் பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தேன். வந்த இரண்டாம் கிழமை மாமா என்னை விடியற்காலை எழுப்பி, சாவிக் கொத்து ஒன்றைக் கையில் தந்து, ஐந்து படிக்கட்டுகளை எனக்கு எழுதி வைத்தது போலக் காட்டிக்கொண்டு போனார். பலெர்மோத் தமிழர் நடுவே படிக்கட்டு ஒரு சொத்து. கட்டடத்து நிர்வாகி முன்பின் தெரியாதவனை வைக்கமாட்டார். ஊருக்குப் போகிறவர் தன் படிக்கட்டைத் தம்பிக்கோ மருமகனுக்கோ விட்டுப்போவார். எங்கள் ஊரில் வயற்காணி கைமாறுவதைப் போன்ற ஒழுங்கு அது.

மொழி பற்றி நான் அதிகம் அழவில்லை. முதல் நாளே மாமி குசினியைக் காட்டி "இவையும் குசினி எண்டுதான் சொல்லுவினம்" என்றார். இவர்கள் சொல்வது குச்சீனா. பாண் இங்கே பானே, சாவி கியாவே, அலுமாரி ஆர்மாதியோ. போர்த்துக்கேயர் எங்களிடம் விட்டுச்சென்ற சொற்களின் ஒன்றுவிட்ட சகோதரங்களை இந்த வீடுகளின் அறை அறையாகச் சந்தித்தேன். எங்கள் ஊர்க் கோணேசர் கோவிலை 1622 இல் இடித்து அந்தக் கல்லில் கோட்டை கட்டியவர்கள் ஏதோ நட்டஈடாகச் சில சொற்களைத் தந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்; கழுவுவதற்குப் போன இடத்தில் அவை பயன்பட்டன.

கூடை இறங்கிய அன்று மாலை, நோன்னாவின் பேரனின் தன்விவரத்தை மாமாவிடம் கொடுத்தேன். மாமா மூக்குக்கண்ணாடியை மாட்டி, நிலப் பத்திரம் வாசிப்பதைப் போல நான்கு தாள்களையும் வாசித்தார். கடைசியில், "பெடியன் படிக்கட்டுக் கழுவுவானோ?" என்று கேட்டார். கேலியாக அல்ல. கோவிலடியில் ஒருவர் ஊருக்குத் திரும்புகிறார், இரண்டு படிக்கட்டுகள் காலியாகின்றன, அவ்வளவுதான் கணக்கு. நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து அவரே தாள்களை உறைக்குள் இட்டு, "அவன் இருக்கலாம், தம்பி. எங்களுக்குத்தான் சும்மா இருக்கேலாது" என்றார்.

அந்த வசனத்தைத்தான் நான் பல மாதங்களாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். எங்களுக்கு வேலை கிடைக்கும் இரகசியம் ஏதும் இல்லை. நீண்டகால வதிவிட அட்டை கிடைக்காத ஒருவருக்கு, பெர்மெஸ்ஸோ என்று நாங்கள் சொல்லும் அனுமதி வேலை ஒப்பந்தத்தில் தொங்குகிறது. வேலை போனால் இன்னொன்று தேடிக்கொள்ள ஓராண்டுக்குக் குறையாத அவகாசம் தருகிறார்கள். அதற்குள் எந்த வேலையாவது, எவருடைய வீட்டிலாவது, பதிந்த ஒப்பந்தத்தோடு பிடித்தாக வேண்டும். குடும்ப அனுமதியில் இருப்பவர்களும் புதுப்பிக்கும்போது வீட்டு வருமானத்தைக் காட்டவேண்டும். ஆகவே வயோதிபரைக் குளிப்பாட்டுவது, நாயை நடத்திக்கொண்டு போவது, கட்டட வாசலில் காவலிருப்பது என்று கிடைத்ததை எல்லாம் பிடிக்கிறோம். கொந்தரத்தோ என்னும் ஒப்பந்தத்தில் நான்கு மணித்தியாலம் எழுதி எட்டு மணித்தியாலம் வேலை வாங்குபவரிடமும் சிரித்துக்கொண்டே நிற்கிறோம். நோன்னாவுக்கு இது தெரிய வழியில்லை. அவர் பல்கனியிலிருந்து பார்க்கும்போது நாங்கள் எப்போதும் எங்கோ அவசரமாகப் போகிறவர்கள். தன் பேரன் பதினொரு மணிக்கு எழும்பிக் கோப்பி குடிக்கிறவன்.

அந்தப் பதினொரு மணிக் கோப்பியில்தான் எனக்குப் பொறாமை. அவனுடைய 110 இல் அல்ல.

நானும் அப்படி எழும்பியவன். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் 2014 இல் பட்டம் முடித்து, நான்கு ஆண்டுகள் முறையாக, மனம் ஒன்றி, வேலையில்லாமல் இருந்தேன். வெள்ளிக்கிழமை என்றால் அரச வேலை அறிவிப்புகள் வரும் வர்த்தமானி. அதில் எனக்குப் பொருந்தும் பதவி இருந்தால் வயதெல்லை பொருந்தாது, வயதெல்லை பொருந்தினால் மாகாணம் பொருந்தாது. ஒருமுறை கோட்டை வாசலுக்கு அருகே மர நிழலில் இருந்து விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தபோது, எங்கள் ஊரில் மாடு போல அலையும் புள்ளிமான்களில் ஒன்று பின்னால் வந்து, முத்திரை ஒட்டிய கடிதவுறையைச் சாவகாசமாக மென்று தின்றது. அந்தப் பதவிக்கு நான் தெரிவாகாததற்கு உறுதியாகத் தெரிந்த ஒரே காரணம் அந்த மான். 2017 இல் கிழக்கின் வேலையற்ற பட்டதாரிகள் வீதியோரம் பந்தல் போட்டு மாதக்கணக்கில் இருந்தபோது நானும் போய் இருந்தேன். கோரிக்கை அட்டை ஒன்றைப் பிடித்தபடி வெயிலில் இருந்த எனக்கு, அம்மா மத்தியானம் ஓட்டோவில் சோற்றுப் பார்சல் அனுப்பினார். போராட்டத்தில் இருக்கிறவனுக்குப் பாரை மீனின் நடுத்துண்டு.

இப்போது நினைத்துப் பார்க்கையில் அந்த நான்கு ஆண்டுகளின் அவமானம் கரைந்து போய், அவற்றின் ஆடம்பரம்தான் எஞ்சி நிற்கிறது. அப்பா துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஓய்வூதியத்தில் மூன்று பேர் இருந்தோம். அவர் என்னிடம் வேலை பற்றிக் கேட்டதில்லை. கொடியில் தொங்கும் என் சேட்டுப் பையில் கிழமைக்கு ஒருமுறை, நான்காக மடித்த ஐந்நூறு ரூபாத் தாள் ஒன்று இருக்கும். வைத்ததை அவரும் சொல்லமாட்டார், எடுத்ததை நானும் சொல்லமாட்டேன். அதை எடுத்துக்கொண்டு டச்சு பே கடற்கரைக்குப் போய், கடலைச் சரை ஒன்றோடு இருட்டும் வரை இருப்பேன். கோணேசர் கோவில் இருக்கும் சுவாமி மலையில் மாலைப் பூசை மணி கேட்கும். ஒரு நாட்டில் உரிமையோடு இருப்பது என்பது அங்கே வேலை செய்வது என்று அப்போது நினைத்திருந்தேன். வேலை செய்யாமலும் இருக்க முடிவது, எவரும் அனுமதித் தாளைக் கேட்காமல் ஒருவேளைச் சோறு அங்கே உனக்காக மூடி வைக்கப்பட்டிருப்பது, அதுவும் உரிமைதான் என்பது 110 எடுத்த பேரனைப் பார்த்துத்தான் விளங்கிற்று. அவனுக்குப் பாட்டியின் பென்சன் இருக்கிறது. எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது என்று நான் எல்லாரிடமும் சொல்வதுண்டு, பொய்யும் அல்ல. வரெக்கினா என்னும் வெளுப்புத் திரவம் எந்தச் சலவைக்கல்லை மங்கச் செய்யும் என்பது தெரியும். நோன்னாவின் கட்டடத்தில் தொண்ணூற்றாறு படிகள். நடுவில் தேய்ந்து குழிந்த படிகளில் தண்ணீர் தேங்கும், அவற்றைத் துணியால் தனியே ஒற்றி எடுக்கவேண்டும். பல்லாரோச் சந்தையில் எந்தக் கடையில் வெண்டிக்காய் பிஞ்சாக இருக்கும் என்பதும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்களோடு மொந்தே பெல்லெகிரீனோ மலையில் ஏறி, சாந்தா ரொசாலியாவின் குகைக் கோவிலுக்கும் போகிறேன். அவருடைய எலும்புகள் 1624 இல், கொள்ளைநோய் பரவிய கோடையில், அந்தக் குகையில் கண்டெடுக்கப்பட்டனவாம். எங்கள் மலைக்கோவில் இடிபட்டு இரண்டு ஆண்டுகளின் பின். குகைக் கூரையில் கசியும் நீரைத் தகரப் பீலிகள் ஏந்திக்கொண்டு போகும். சைவர்களான நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கும்பிடுவதை இத்தாலியர்கள் இப்போது திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் மலை விளிம்பில் நின்று கீழே கடலைப் பார்க்கும்போது, என் கால்கள் தாமாகவே சுவாமி மலையின் பிளவான இராவணன் வெட்டின் கம்பி வேலியைத் தேடுகின்றன. கடல் இங்கே தவறான பக்கத்தில் இருக்கிறது என்று ஒருமுறை மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவர் பலெர்மோவில் வளர்ந்தவர். கடல் எந்தப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று விசாரித்தார்.

அந்த மலையில்தான் நவம்பரில் நோன்னாவின் பேரனைக் கண்டேன். பாட்டியின் நேர்த்திக்காக அனுப்பப்பட்டிருந்தான். தன்விவரம் கூடையில் இறங்கிய கதையை அவன் அறிந்திருந்தான், காது சிவந்தது. ஜேர்மனியில் ஒரு தொழிற்சாலையில் இடம் கிடைத்திருப்பதாகவும், ஜனவரியில் போவதாகவும் சொன்னான். பிறகு, தயங்கி, புதிய நாட்டில் முதல் மாதங்கள் எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டான். அனுபவசாலியிடம் கேட்கும் பணிவோடு கேட்டான். நான் குளிர்ச்சட்டை, வங்கிக் கணக்கு, மொழி வகுப்பு என்று சொல்லிக்கொண்டு போனேன். சேட்டுப் பையைப் பற்றிச் சொல்லவில்லை.

அவன் போய் இரண்டு கிழமை கழித்து, மத்தியானம் ஒரு மணிக்கு, கூடை மறுபடி இறங்கிற்று. துணியால் மூடிய பீங்கான் கோப்பையில், அவணில் சுட்ட மக்கரோனி, சூடாக. பேரன் இருந்த காலத்து அளவில் சமைத்துவிட்டதாக மேலேயிருந்து விளக்கம் வந்தது. கழுவிய படி இன்னும் ஈரமாக இருந்ததால் மூன்றாம் படியில் சாக்கை விரித்து இருந்து சாப்பிட்டேன்.

கோப்பையை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவி, வியாழக்கிழமை மாமி சுட்ட உழுந்து வடை நான்கை வைத்து, அதே துணியால் மூடிக் கூடையில் விட்டேன். கயிறு மெல்ல மெல்ல, இரண்டு மூன்று இடங்களில் மூச்சு வாங்கி நின்று, ஏறிற்று. பல்கனிக் கதவு சாத்தியது. நான் வாளியில் தண்ணீர் பிடித்து, மேல் மாடியிலிருந்து தொடங்கி, இரண்டாம் மாடிக்கு வந்திருந்தபோது, படிக்கட்டுக்குள் நோன்னாவின் குரல் கீழிறங்கிற்று:

"நடுவில் ஓட்டை. உங்கள் கடைக்காரன் ஏமாற்றுகிறான்."