செட்டில்மென்ட் கம்பெனிய நம்பி ஒன்பது மாசம்

கிரெடிட் கார்டுல 1.80 லட்சம், பர்சனல் லோன் பாக்கி 3.40 லட்சம். அப்பாவோட ஆஸ்பத்திரி செலவு, நடுவுல மூணு மாசம் வேலையும் இல்ல, அப்படித்தான் ஏறுச்சு. இன்ஸ்டாகிராம்ல "கடனை பாதியா குறைச்சுக்கலாம்"னு ஒரு செட்டில்மென்ட் கம்பெனி விளம்பரம், நம்பர் குடுத்தேன், பத்தே நிமிஷத்துல கூப்பிட்டாங்க.

ஈஎம்ஐ கட்டுறத நிறுத்தணுமாம், 90 நாள் தாண்டி என்பிஏ, அதாவது வாராக்கடன் ஆனதும் பேங்க் தானா இறங்கி வருமாம், அப்ப இவங்க பேசி முடிச்சுக் குடுப்பாங்களாம். மாசம் 6,500 சர்வீஸ் ஃபீஸ், முடிஞ்சதும் செட்டில் பண்ற தொகைல 15 சதவீதம், ஜிஎஸ்டி தனி. கட்ட முடியாம தவிச்சிட்டிருந்தவன்கிட்ட "கட்டாதீங்க சார்"னு ஒருத்தர் சொன்னா எப்படி இருக்கும், அன்னைக்கு நைட்டு நல்லா தூங்குனேன்.

என் சம்பள அக்கவுண்ட்டும் கார்டு குடுத்த அதே பேங்க்லதான். மூணாவது மாசம் சம்பளம் விழுந்த அன்னைக்கே பேங்க்ல லியன் போட்டு பணத்த முடக்கிட்டாங்க, ஏடிஎம்ல நிக்கிறேன், பேலன்ஸ் காட்டுது, எடுக்க வரல. வாடகை குடுக்கணும், பாப்பாவுக்கு வேன் காசு வேற. கம்பெனிக்கு போன் போட்டா "சேலரி அக்கவுண்ட்ட முன்னாடியே மாத்திருக்கணுமே சார்"ங்கறாங்க. அத சேரும்போது சொல்லித் தொலைஞ்சா என்ன?

கார்டுக்கு மாசம் 3.6 சதவீதம் வட்டி, அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, லேட் ஃபீஸ் வேற, ஒன்பது மாசத்துல 2.60 லட்சத்த தாண்டிருச்சு. லோன் பக்கம் ஒவ்வொரு மாசமும் பவுன்ஸ் சார்ஜ். ரெக்கவரி ஆளுங்க காலைல 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு அப்புறமும் கூப்பிடக்கூடாதுன்னு ஆர்பிஐ 2022லயே சொல்லிருக்கு, எனக்கு நைட்டு 9 மணிக்கும் வந்துச்சு, ஆபீஸ் ரிசப்ஷனுக்கும் வந்துச்சு.

அப்புறம் வக்கீல் நோட்டீஸ். நாமதான் செக்கே குடுக்கலையே, செக் பவுன்ஸுக்கு போடுற 138வது பிரிவு எல்லாம் வராதுன்னு தெனாவெட்டா இருந்தேன். ஈஎம்ஐய அக்கவுண்ட்ல இருந்து தானா எடுத்துக்க எழுதிக் குடுத்த நாச் மேண்டேட் பணமில்லாம திரும்பினாலும், பேமென்ட் அண்ட் செட்டில்மென்ட் சிஸ்டம்ஸ் சட்டம் 25வது பிரிவுல கிரிமினல் கேஸே போடலாமாம், ஜெயில் வரைக்கும் போகுமாம். கம்பெனியோட "லீகல் டீம்" ஒரு பக்கத்துக்கு ரெடிமேட் பதில் அனுப்புனாங்க, அதுல என் பேரே தப்பு. கோர்ட்டுக்கு போகணும்னா வக்கீல் ஃபீஸ் தனியாம்.

அதுக்கப்புறம்தான் புத்தி வந்து நேரா பேங்குக்கு போனேன். கலெக்‌ஷன் பாக்குற மேடம் சிஸ்டத்த பாத்துட்டு, "ஒன்பது மாசத்துல அவங்ககிட்ட இருந்து ஒரே ஒரு மெயில்தான் வந்திருக்கு, அவங்களோட பேசணும்னு எங்களுக்கு எந்தக் கட்டாயமும் இல்லைங்க, கடன் வாங்குனது நீங்கதானே"ன்னாங்க. ரெண்டு வாரம் நடந்து கார்ட 1.30 லட்சத்துக்கு மூணு தவணைல முடிச்சேன், லெட்டர்ஹெட்ல செட்டில்மென்ட் லெட்டர் கைல வர்ற வரைக்கும் ஒரு பைசா கட்டல. லோனுக்கு வீட்டுக்காரம்மா நகைய அடகு வச்சு ஒன்பது தவணை பாக்கியையும் கட்டி ரெகுலர் பண்ணேன். அந்த நகை முதல் நாளும் அதே பீரோலதான் இருந்துச்சு, அவகிட்ட கடன சொல்ல வெக்கப்பட்டுத்தான் இந்த கம்பெனிக்கே போனேன்.

கார்டு அசல்ல மிச்சமானது 50 ஆயிரம், கம்பெனிக்கு போனது 58,500. கடன் ஹிஸ்டரி காட்டுற சிபில் ரிப்போர்ட்ல அந்த கார்டு இப்ப "செட்டில்ட்"னு, அதாவது முழுசா கட்டாம முடிச்சதுன்னு நிக்குது, பைக் லோன் கேட்டேன், குடுக்கல. குறைச்ச மிச்சத்தையும் கட்டினா "க்ளோஸ்ட்"னு மாத்துறோம்னு பேங்க்ல சொல்றாங்க, பாக்கலாம்.

புகார விசாரிக்கிற ஆர்பிஐ ஆம்பட்ஸ்மன்கிட்ட கம்பெனி மேல புகார் குடுக்கலாம்னு பாத்தா அது பேங்க், என்பிஎஃப்சி (பேங்க் இல்லாத ஃபைனான்ஸ் கம்பெனி) மாதிரி ஆர்பிஐ கட்டுப்பாட்டுல இருக்கறவங்களுக்கு மட்டும்தானாம், இவங்க அந்தக் கணக்குலயே வரல. கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915ல பதிஞ்சு வச்சிருக்கேன். இதுக்கு நடுவுல போன வாரம் கம்பெனில இருந்து ஒரு பில் வந்துச்சு, நானே அலைஞ்சு முடிச்ச 1.30 லட்சத்துக்கு 15 சதவீதம், 19,500 ப்ளஸ் ஜிஎஸ்டி.