20 விழுக்காடு என்று எழுதிய குப்பி

பிப்ரவரி 7

தைப்பூசத்தன்று பால்குடத்துடன் தண்ணீர்மலை வரை வெயிலில் நடந்ததில், தாடையோரம் முன்பே இருந்த பருக் கருமை மேலும் அழுத்தமாகிவிட்டது. நம் தோலில் பரு ஆறினாலும் அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்தே கிடக்கும் என்பதும், வெயில் பட்டால் அது கூடும் என்பதும் எனக்குப் பழகிய சங்கதிதான். அதற்காக இன்று ஜார்ஜ் டவுனில், அலுவலகத்துக்கு அருகிலுள்ள மருந்தகத்தில் ஒரு வைட்டமின் சி சீரம் வாங்கினேன். 30 மில்லிலிட்டர், 79 ரிங்கிட். பெட்டியின் முகப்பில் "20% வைட்டமின் சி" என்று பெரிதாகவும், அதன் கீழே கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மட்டுமே தெரியும் அளவில் "காம்ப்ளெக்ஸ்" (கலவை) என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். "இப்ப இதுதான் அக்கா நல்லா போகுது" என்றார் விற்பனைப் பெண்.

பிப்ரவரி 9

காலையில் முகம் கழுவிச் சீரத்தைப் பூசி, அது உலர்ந்த பிறகு சன்ஸ்கிரீன் இட்டேன். உலர்ந்தது என்று நான் நினைத்தேனே தவிர, பினாங்கின் புழுக்கத்தில் அது உலர்வதாக இல்லை. சன்ஸ்கிரீன் மேலே பட்டதும் இரண்டும் சேர்ந்து அழிப்பான் துகள்போல வெள்ளை வெள்ளையாகத் திரண்டு விரலோடு வந்துவிட்டன. ஆரஞ்சு மிட்டாயின் வாசனை மட்டும் நண்பகல் வரை போகவில்லை. கருமை கூடாமல் காப்பது சன்ஸ்கிரீன்தான். அதையே உரித்தெடுக்கும் ஒன்றை அதற்கு அடியில் பூசுவதில் என்ன பயன் என்று முதல் நாளே தோன்றியது.

பிப்ரவரி 15

இரவுக்கு மாற்றிக்கொண்டேன். திரளும் தொல்லை ஒழிந்தது. ஆனால் தோலில் வேறு எந்த மாற்றமும் இல்லை, லேசான குறுகுறுப்புகூட இல்லை. எல்-அஸ்கார்பிக் அமிலம், அதாவது தூய வைட்டமின் சி, கலந்த சீரங்களில் அந்தக் குறுகுறுப்பு ஓரளவு இருக்கும், ஏனெனில் அந்த அமிலம் தோலுக்குள் இறங்க வேண்டுமானால் கலவையின் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலத்தன்மை கூடுதல் என்று பொருள்) 3.5க்குக் கீழே இருக்க வேண்டும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஷெல்டன் பின்னெல் குழுவினர் பன்றித் தோலில் சோதித்து 2001இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. 20 விழுக்காட்டுக்கு மேல் எவ்வளவு சேர்த்தாலும் தோல் கூடுதலாக உறிஞ்சவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. பெட்டி முகப்பில் 20 என்ற எண்ணை இத்தனை நிறுவனங்கள் விரும்பிப் போடுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தங்கை வீட்டு மீன்தொட்டிக்கு வாங்கி வைத்திருந்த பிஎச் தாள் ஒன்றில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். தாள் 6க்கு அருகில் நின்றது.

பிப்ரவரி 22

இன்று ஞாயிறு ஆகையால் பெட்டியின் பின்பக்கத்தை நிதானமாகப் படிக்க நேரம் கிடைத்தது. தண்ணீர், கிளிசரின், ஆரஞ்சுப் பழச் சாறு, சில தடிப்பூட்டிகள், பிறகு பீனாக்சிஎத்தனால், அதற்கும் பின்னால்தான் வைட்டமின் சி-யின் ஒரு மாற்று வடிவமான சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட், கடைசியில் ஆரஞ்சுத் தோல் எண்ணெயும் "சிஐ 19140" என்ற நிறமியும்.

இந்த வரிசையில்தான் விஷயம் இருக்கிறது. அழகுப் பொருள்களில் சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து இறங்குவரிசையில் எழுத வேண்டும். 1 விழுக்காட்டுக்குக் குறைந்தவற்றை மட்டும் கடைசியில் எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். கெட்டுப்போகாமல் காக்கும் பீனாக்சிஎத்தனாலை ஆசியான் விதிப்படி 1 விழுக்காட்டுக்கு மேல் சேர்க்கக் கூடாது. ஆகவே அதற்குப் பின்னால் வரும் எதுவும் 1 விழுக்காட்டைத் தாண்ட வழியில்லை. சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட் நல்ல பொருள்தான். அமிலத்தைப்போல எளிதில் கெடாது, பிஎச் 6 என்பது அதற்குக் குற்றமும் ஆகாது. ஆனால் போதிய அளவில் இருந்தால்தானே அது வேலை செய்யும்?

நிறமிதான் எனக்கு அதிகம் எரிச்சலூட்டியது. சிஐ 19140 என்பது டார்ட்ரசின், மஞ்சள் சாயம். புதிதாகக் கலக்கிய அஸ்கார்பிக் அமிலக் கரைசல் ஏறக்குறைய நிறமற்றே இருக்கும். காற்றும் ஒளியும் பட்டுக் கெடக் கெட மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். அதனால்தான் நல்ல தயாரிப்பாளர்கள் அதை அடர்நிறக் குப்பியில் அடைக்கிறார்கள். இவர்களோ தெளிந்த கண்ணாடிக் குப்பியில், தொடக்கத்திலேயே மஞ்சளாகக் கொடுத்துவிட்டார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு என்று பழத்தோடு சேர்த்தே வைட்டமின் சி-யை நினைக்கும் நமக்கு அந்த நிறமே ஒரு சான்றாகத் தெரிகிறது.

மார்ச் 1

தாடையின் கருமையைக் குளியலறை விளக்கில், ஒரே கோணத்தில் எடுத்து வந்த படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். எது முதல் படம், எது இன்றையது என்று அம்மாவால் சொல்ல முடியவில்லை. இத்தகைய கருமை மங்க இரண்டு மூன்று மாதமாவது பிடிக்கும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன். குப்பிக்குள் சரக்கு இருந்திருந்தால் காத்திருக்கவும் தயங்கியிருக்க மாட்டேன்.

அலுவலகத்தில் ஓர் அக்கா, ஒரே வாரத்தில் முகம் வெளுக்கும் என்று சந்தையில் விற்கும் கிரீம் ஒன்றைச் சிபாரிசு செய்தார். பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் கலந்ததற்காக மலேசியாவின் மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் அவ்வப்போது பெயர் வெளியிட்டுப் பதிவை ரத்துசெய்யும் சரக்கு பெரும்பாலும் அந்த வகையில்தான் வரும். என் சீரத்தில் அந்த ஆபத்து இல்லை. அந்த நிறுவனத்திடம் பொருளைத் தெரிவித்ததற்கான, "நாட்" என்று தொடங்கும் அறிவிப்பு எண் பெட்டியில் இருக்கிறது. ஆனால் அந்த எண் பொருள் பயன் தரும் என்பதற்கான சான்றிதழ் அல்ல.

மார்ச் 8

தூய வைட்டமின் சி எத்தனை விழுக்காடு என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டிருந்தேன், பதில் வந்துவிட்டது. 20 விழுக்காடு என்பது ஆரஞ்சுச் சாறு உள்ளிட்ட மொத்தக் கலவையின் அளவாம். தனித்தனி விவரம் வணிக இரகசியமாம். கூடவே அடுத்த கொள்முதலுக்குப் 10 ரிங்கிட் கழிவுச்சீட்டு ஒன்று.

குப்பியில் பாதிக்குமேல் மிச்சமிருக்கிறது. இன்று முதல் அதை முழங்கைக்குப் பூசுகிறேன்; கிளிசரின் இருப்பதால் அங்கே நன்றாகவே ஈரம் காக்கிறது. முகத்துக்கு இப்போதைக்குச் சன்ஸ்கிரீனும் தொப்பியும் மட்டுமே. அடுத்த சம்பளத்தில் அஸ்கார்பிக் அமிலம் சேர்மானப் பட்டியலின் இரண்டாவது அல்லது மூன்றாவது இடத்தில் உள்ள, அடர்நிறக் குப்பியில் வரும் 15 மில்லிலிட்டர் சீரம் ஒன்றை வாங்குவதாக இருக்கிறேன். இம்முறை பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்தே படிப்பேன்.